மெதுவான சுற்றுகளுக்கு இடம் தரும் பதிவுகள்: பாரிஸ் 2024 மகளிர் ஸ்பிரிண்ட், ஒரு மதிப்புரை

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் மகளிர் ஸ்பிரிண்ட் சைக்கிள் போட்டி ஆகஸ்ட் 9 முதல் 11 வரை மூன்று நாள்கள் நடைபெற்றது. அதை நேரலையில் பார்த்த பின்னர், கட்டண ஸ்ட்ரீமிங் சேவை ஒன்றில் முழுப் பதிவுகளையும் சுருக்கத் தொகுப்புகளையும் பொறுமையாக மீண்டும் பார்த்தேன். இந்த மதிப்புரை அந்தப் பதிவுகளைப் பற்றியது. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கிறது. அரங்கத்திலிருந்து வரும் மூலக்காட்சியோ எல்லோருக்கும் பொது. ஆகவே, நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடுவதைவிட, எந்த வகைப் பதிவைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் போட்டியை உண்மையாகப் பார்க்க முடியும் என்று சொல்வதே வாசகருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முழு அமர்வுப் பதிவுகள் மிகச் சிறந்தவை. சந்தாத் தொகை அவற்றுக்காகவே தகும். சுருக்கத் தொகுப்புகளோ ஸ்பிரிண்ட் என்னும் போட்டியையே காட்டாமல் விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு பந்தயத்திலும் கடைசிச் சுற்றை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருப்பதால், இரண்டு பெண்கள் மிக வேகமாக வந்து கோட்டைக் கடக்கிறார்கள் என்பதற்குமேல் பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. முன்னால் வந்தவர் ஏன் முன்னால் வந்தார் என்பதற்கான விடை, வெட்டி எறியப்பட்ட முதல் இரண்டு சுற்றுகளில் இருக்கிறது.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பிரிண்டில் இருவர் 250 மீட்டர் தடத்தை மூன்று முறை சுற்றுகிறார்கள். அந்த 750 மீட்டரில் கடைசி 200 மீட்டருக்கு மட்டுமே நேரம் குறிக்கப்படுகிறது. முன்னால் செல்பவர் காற்றின் எதிர்ப்பு முழுவதையும் தன் உடலால் தாங்குகிறார். பின்னால் வருபவர் அந்த மறைவில் வலிமையைச் சேமித்துக்கொள்கிறார். அதனால், இறுதி ஓட்டம் தொடங்கும்வரை முன்னால் இருக்கப் பெரும்பாலும் எவரும் விரும்புவதில்லை. சீட்டுக் குலுக்கலில் உள்பக்கம் கிடைத்தவர் தொடக்கத்தில் முன்செல்ல வேண்டும் என்பது விதி. இரண்டாம் பந்தயத்தில் அந்தப் பொறுப்பு மற்றவருக்கு மாறும். மூன்றாவது தேவைப்பட்டால் மீண்டும் குலுக்கல். முன்செல்பவர் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நடைவேகத்தில் ஓட்டுவதும், பின்னவர் 40 பாகைக்கும் மேல் சாய்ந்த வளைவில் உயர ஏறிக் காத்திருப்பதும், அந்த உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கும் வேகத்தை எப்போது செலவழிப்பது என்று இருவரும் கணக்கிடுவதும்தான் இந்தப் போட்டியின் உள்ளடக்கம்.

இந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. பின்சக்கரத்தோடு பல்சக்கரம் அசையாமல் பிணைக்கப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். கால்களை ஓய்வாக வைத்துக்கொண்டு உருள முடியாது. அப்படிப்பட்ட வண்டியைச் சாய்ந்த தடத்தில், பெடலை இம்மியளவு முன்னும் பின்னும் அழுத்தி, ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதை டிராக் ஸ்டாண்ட் என்கிறார்கள். ஒரு பந்தயத்தில் இரண்டு முறைக்கு மேல் இப்படி நிற்கக் கூடாது; ஒரு முறைக்கு 30 வினாடிதான் வரம்பு. எதிரியை முன்னால் தள்ளுவதற்கான இந்த அசைவற்ற போராட்டம் கேமராவுக்கு முன்னால் நடக்கும்போது, காட்சியை வேறு விளையாட்டுக்கு மாற்றும் தயாரிப்பாளரின் மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நேரலையில் அதுதான் நிகழ்ந்தது. ஆகஸ்ட் 11 ஒலிம்பிக்கின் கடைசி நாள். காலையில் மகளிர் மாரத்தான், பிற்பகலில் மகளிர் கூடைப்பந்து இறுதி ஆட்டம், ஸ்பிரிண்ட் நடந்த அதே வெலோட்ரோமில் (சாய்ந்த தடம் கொண்ட சைக்கிள் அரங்கம்) ஆண்கள் கெய்ரின் (மோட்டார் வண்டியின் பின்னால் வேகம் பிடித்துப் பலர் சேர்ந்து ஓட்டும் பந்தயம்), மகளிர் ஓம்னியம் (பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டும் போட்டி) என்று எல்லாம் நெருக்கியடித்து வந்தன. தேர்வு செய்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பந்தயம் மொத்தமே சில நிமிடங்கள். அதைத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டுப் போவதைவிடக் காட்டாமலே இருந்திருக்கலாம்.

முழு அமர்வுப் பதிவில் இந்தக் குறை அறவே இல்லை. இரு வீராங்கனைகளும் தொடக்கக் கோட்டில் நிறுத்தப்படுவதிலிருந்து, பந்தயம் முடிந்து தடத்தின் மேற்பகுதியில் வேகத்தைக் குறைத்தபடி உருண்டு வருவதுவரை காட்சி துண்டிக்கப்படாமல் இருக்கிறது. வர்ணனையை அணைத்துவிட்டு அரங்கத்தின் ஒலியை மட்டும் கேட்கும் வசதியும் தரப்பட்டிருக்கிறது. இதை மனமாரப் பாராட்டுகிறேன். மரப்பலகைத் தடத்தில் டயர் உருளும் ஓசை வேகத்துக்கேற்ப மாறுவதால், எவர் எப்போது அழுத்தத் தொடங்கினார் என்பது சில வேளைகளில் கண்ணுக்கு முன்பாகவே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிச் சுற்றின் மணியோசைக்கு முன்பே ஓசை உயர்ந்துவிட்டால், எவரோ நீண்ட ஓட்டத்துக்குத் துணிந்துவிட்டார் என்று பொருள்.

முதல் நாளின் தகுதிச் சுற்றுப் பதிவு தனியாகவே பார்க்கத் தக்கது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வேகத்தைக் கூட்டி, தடத்தின் உச்சியிலிருந்து பாய்ந்திறங்கி, கடைசி 200 மீட்டரைக் கடக்கும் நேரமே இதில் கணக்கு. போட்டிக்கு முன்பு மகளிர் உலகச் சாதனை 10.154 வினாடி, கனடாவின் கெல்சி மிட்செல் 2019-இல் பொலிவியாவின் கோச்சபாம்பாவில் நிகழ்த்தியது. அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, எதிர்ப்பும் குறைவு. பாரிஸ் நகருக்கு மேற்கே இருக்கும் சாங்-கான்தான்-ஆன்-இவ்லின் வெலோட்ரோமுக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பிரிட்டனின் எம்மா ஃபினுகேன் 10.067 வினாடியில் வந்தார். அந்தச் சாதனையும் நிலைக்கவில்லை, ஜெர்மனியின் லியா சோஃபி ஃப்ரீட்ரிஷ் 10.029 வினாடியில் முடித்தார். மூன்றாண்டுகளுக்கு முன்பு டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே ஃப்ரீட்ரிஷ் நிகழ்த்திய ஒலிம்பிக் சாதனை 10.310. மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகத்தில் கால் வினாடிக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசம் ஐந்து மீட்டருக்கும் அதிகமான இடைவெளி; மூன்று சைக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் அளவு.

இந்த இடத்தில் திரையின் எழுத்து விவரங்களைக் குறை சொல்லியாக வேண்டும். நேரம் வருகிறது, தரவரிசை வருகிறது. முந்தைய சாதனை எது, எங்கே, எந்த உயரத்தில் நிகழ்ந்தது என்பது வருவதில்லை. சாதனை முறிந்தது என்ற அறிவிப்பு மட்டும் ஒளிர்ந்து மறைகிறது. 200 மீட்டரை இரண்டாகப் பிரித்து, முதல் 100 மீட்டரின் நேரத்தைத் தனியே நிலையாகக் காட்டியிருந்தால், பாய்ந்திறங்குவதில் வல்லவர் யார், இறுதிவரை வேகத்தைத் தளரவிடாமல் காப்பவர் யார் என்பது புதிதாகப் பார்ப்பவருக்கும் விளங்கியிருக்கும். அடுத்த கட்டங்களில் யார் எப்படி ஓட்டப்போகிறார் என்பதற்கு அதுவே முதல் தடயம்.

தகுதிச் சுற்றுக்குப் பிறகு வரும் நேருக்கு நேர் கட்டங்களைப் பற்றிச் சுருக்கத் தொகுப்பில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இருபத்து நால்வர் தொடங்கி, பன்னிரண்டு இணைகளாக மோதி, தோற்றவர்கள் ரெப்பஷாஜ் என்னும் மறுவாய்ப்புப் பந்தயங்களில் மூன்று மூன்று பேராக மீண்டும் ஓட்டி, அங்கு வென்றவர்கள் அடுத்த கட்டத்துக்குத் திரும்புகிறார்கள். காலிறுதியில் எண்மர் மீதமாகும்வரை ஏறக்குறைய இதே ஏற்பாடு தொடர்கிறது. மூவர் ஓட்டும் மறுவாய்ப்புப் பந்தயம் இருவர் பந்தயத்திலிருந்து முற்றிலும் வேறானது; ஒருவரைக் கவனித்தால் மற்றவர் நழுவிவிடுவார். மூன்று வீராங்கனைகளின் இடம் பந்தயத்தின் நடுவில் இரண்டு மூன்று முறை மாறுவதை முழுப் பதிவில் கண்டபோது, இந்தப் போட்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இறுதிப் பந்தயம் இல்லை, இதுதான் என்று உறுதியாகத் தோன்றியது. பதக்கத்துக்கு அருகில் வராத நாடுகளின் வீராங்கனைகளை ஒலிம்பிக் தடத்தில் நாம் பார்க்கக் கிடைப்பதும் இந்தப் பந்தயங்களில்தான். பாரிஸ் வரை வருவதற்கே ஆண்டுக்கணக்கில் புள்ளி சேர்த்தவர்களின் பந்தயத்தைத் தொகுப்பில் ஒரு நொடிகூடக் காட்டாதது நியாயமாகாது.

இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் எல்லெஸ் ஆண்ட்ரூஸ், தகுதிச் சுற்றில் உலகச் சாதனை நிகழ்த்திய ஃப்ரீட்ரிஷை இரண்டு பந்தயங்களிலும் வென்றார். இருவருக்கும் அப்போது 24 வயது. கடிகாரத்தோடு மட்டும் ஓடும்போது மிக வேகமானவர், எதிரில் ஒருவர் இருக்கும்போது வெல்ல முடியாமல் போனார் என்பதே இந்த மூன்று நாள்களின் மையக் கதை. அதைச் சொல்ல சுருக்கத் தொகுப்பால் முடியாது. ஏனெனில் அதில் ஆண்ட்ரூஸ் கோட்டை முதலில் கடப்பது மட்டுமே இருக்கிறது. முழுப் பதிவில் இரு பந்தயங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், முன்னவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, இருவருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி அனுமதிக்கப்படுகிறது, எந்த வளைவில் அது மூடப்படுகிறது என்பதைத் தானே கவனித்து வெற்றியின் காரணத்தைத் தேடிக்கொள்ளலாம். சில நாள்களுக்கு முன்பு கெய்ரினிலும் தங்கம், மகளிர் அணி ஸ்பிரிண்டில் வெள்ளி என்று அதே தடத்தில் வென்றிருந்த ஆண்ட்ரூஸின் கால்களில் எவ்வளவு களைப்பு இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த இரு பந்தயங்களின் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஃபினுகேன் நெதர்லாந்தின் ஹெட்டி வான் டி வௌவை வென்று வெண்கலம் பெற்றார். அணி ஸ்பிரிண்ட் தங்கம், கெய்ரின் வெண்கலம் ஆகியவற்றோடு அது அவருக்கு மூன்றாவது பதக்கம்.

ஆண்ட்ரூஸ் 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளிலும் இதே பிரிவில் தங்கம் வென்றவர். அப்போது ஒலிம்பிக் சாம்பியனாக இருந்த மிட்செலை இறுதியில் தோற்கடித்தார். அந்தப் போட்டியின் பதிவு இந்தச் சேவையில் இல்லை. ஒலிம்பிக்குக்கும் காமன்வெல்த்துக்கும் உரிமைகள் தனித்தனி என்பதால் இதைச் சேவையின் குறையாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு வீராங்கனையின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்க விரும்புவோருக்கு அது இழப்புதான்.

வர்ணனையின் தரம் சீராக இல்லை. சைக்கிள் பந்தயத்தில் பழக்கமுள்ள குரல் பேசும்போது, பின்னவர் ஏன் உயரத்தில் இருக்கிறார், இடைவெளியை ஏன் விட்டு வைக்கிறார் என்ற விளக்கம் சுருக்கமாகவும் சரியாகவும் வருகிறது. மற்ற நேரங்களில் மெதுவான சுற்றுகளை நிரப்ப வேண்டிய வெற்றிடமாகக் கருதி, வீராங்கனைகளின் குடும்பம், பொழுதுபோக்கு, முந்தைய காயங்கள் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். கண்ணெதிரே நடப்பது கவனிக்கப்படாமல் போகிறது. ஆண்கள் பந்தயத்தின்போது உத்தி, வேகம், பல்சக்கர அளவு என்று பேசியவர்கள், மகளிர் பந்தயத்துக்கு வந்ததும் வாழ்க்கைக் கதைக்கு மாறுவதைக் கூர்ந்து கேட்பவர் எவரும் உணரலாம். இதைத் திருத்த எந்தச் செலவும் இல்லை. ஆகவேதான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

பழைய இறுதிப் போட்டிகள் சிலவும் இதே சேவையில் கிடைக்கின்றன. அவற்றில் லண்டன் 2012 பதிவைத் தவறவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸும் பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டனும் மோதிய அந்த இறுதியின் முதல் பந்தயத்தில், பெண்டில்டன் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முந்தினார். ஆனால் இறுதி ஓட்டத்தில் தன் பாதையை விட்டு வெளியே வந்ததற்காக அந்த வெற்றி அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. தடத்தின் உள்ளோரத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குறுகிய பகுதி ஸ்பிரிண்டர் பாதை. இறுதி ஓட்டத்தை அந்தப் பாதைக்குள்ளிருந்து தொடங்கியவர், தெளிவாக முன்னிலை பெறாமல் அதை விட்டு விலகி எதிரியின் வழியை மறிக்கக் கூடாது. வெளியே இருப்பவரும் அதேபோல முன்னிலை இல்லாமல் உள்ளே புகக் கூடாது. இந்த ஒரே விதி தெரிந்தால் நடுவர் தீர்ப்பு விளங்கும். தெரியாவிட்டால் அநியாயமாகத் தோன்றும். பதிவில் மறுகாட்சி பல கோணங்களில் வருகிறது, சிவப்புக் கோடும் தெரிகிறது. விதியை விளக்கும் ஒரு வரி எழுத்துகூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பாரிஸ் பதிவிலும் இந்தக் குறை அப்படியே இருக்கிறது.

அதே லண்டன் இறுதியின் இரண்டாம் பந்தயத்தில் மியர்ஸ் வேகத்தைக் குறைத்து ஏறக்குறைய நின்றேவிட, பெண்டில்டன் முன்னால் செல்ல வேண்டியதாயிற்று. மறைவில் வந்த மியர்ஸ் கடைசியில் முந்தி வென்றார். நான் மேலே சொன்ன அனைத்துக்கும் இந்த ஒரு பந்தயம் போதிய சான்று. ஸ்பிரிண்டை முதன்முறையாகப் பார்க்கும் எவரும் இதிலிருந்து தொடங்கலாம். ரியோ 2016 இறுதிப் பதிவும் பார்க்கத் தக்கதே. ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகல் இரண்டாம் பந்தயத்தில் கோட்டைக் கடக்கும் தருணத்தில் அவரது சைக்கிளின் இருக்கை கழன்று விழுந்தது, ஆனாலும் தங்கம் அவருக்கே கிடைத்தது.

இந்தப் பழைய பதிவுகளைத் தேடும்போது ஒரு வரலாற்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மகளிர் ஸ்பிரிண்ட் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே 1988 சியோலில்தான். அப்போது சோவியத் ஒன்றியத்துக்காக ஓட்டிய எரிகா சாலுமே வென்றார், 1992 பார்சிலோனாவில் எஸ்டோனியாவுக்காக மீண்டும் வென்றார். 2008 பெய்ஜிங்கில்கூட டிராக் சைக்கிளிங்கில் ஆண்களுக்கு ஏழு பிரிவுகள், பெண்களுக்கு மூன்றே. அந்த ஆண்டு ஜனவரியில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்த மியர்ஸ், ஏழு மாதத்துக்குள் திரும்பி வந்து வெள்ளி வென்றார். வேகப் பிரிவில் அவருக்கு இருந்தது அந்த ஒரே வாய்ப்புதான். லண்டனில்தான் இரு பாலருக்கும் ஐந்து ஐந்து என்று சமமாயிற்று. அணி ஸ்பிரிண்டில் ஆண்களைப் போலவே பெண்களும் மூவராக ஓட்டுவது ஒலிம்பிக்கில் பாரிஸில்தான் முதன்முறையாக நடந்தது. இவ்வளவு தாமதமாகத் திறக்கப்பட்ட ஒரு போட்டியின் பழைய பதிவுகள் முழுமையாகப் பாதுகாக்கப்பட வேண்டும்; சேவையிலோ 2008-க்கு முந்தையவை சிறு துணுக்குகளாகவே கிடைக்கின்றன.

பயன்படுத்துவதில் உள்ள சில சிக்கல்களையும் சொல்ல வேண்டும். பதிவுகள் நாள்வாரியாகவும் அமர்வுவாரியாகவும் அடுக்கப்பட்டுள்ளன. மகளிர் ஸ்பிரிண்ட் என்று தேடினால் சுருக்கத் தொகுப்புதான் முதலில் வருகிறது, முழுப் பதிவு வெலோட்ரோம் அமர்வு என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. ஓர் அமர்வில் பல பிரிவுகள் கலந்து வருவதால், வேண்டிய பந்தயம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளக் குறிகள் அவசியம். பாரிஸ் பதிவுகளில் அவை உண்டு, லண்டன் பதிவில் இல்லை. பட்டியலின் முகப்புப் படத்திலேயே பதக்கம் அணிந்தவர்களைக் காட்டிவிடுவதால், முடிவு தெரியாமல் பார்க்க விரும்புவோருக்கு வழியில்லை. படத்தின் துல்லியம் நன்றாக இருக்கிறது. ஆனால் இணைய வேகம் குறைந்து படம் மங்கும்போது முதலில் மறைவது தடத்தின் கோடுகள்தான் என்பதால், முடிந்தவரை உயர்ந்த தரத்தில் பார்ப்பது நல்லது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் ஆகஸ்ட் 9 தகுதிச் சுற்றையும், அடுத்து ஏதேனும் ஒரு மறுவாய்ப்புப் பந்தயத்தையும், ஆகஸ்ட் 11 இறுதியின் இரு பந்தயங்களையும் இந்த வரிசையில் பார்க்கலாம். வர்ணனையோடு ஒரு முறையும் அரங்க ஒலியோடு மட்டும் மறுமுறையும் பார்ப்பதையே பரிந்துரைக்கிறேன். ஒரு மாதச் சந்தா இதற்குத் தாராளமாகப் போதும். ஆண்டுச் சந்தா எடுப்பதற்கு முன்பு, பதிவுகள் எதுவரை நீடிக்கும் என்பதைச் சேவையின் விதிமுறைகளில் பார்த்துவிடுங்கள். உரிமைக்காலம் முடிந்ததும் முழு அமர்வுகள் நீக்கப்பட்டு, சுருக்கத் தொகுப்புகள் மட்டும் மிஞ்சக்கூடும்.